செவ்ரான் ஆப்பிளும் நீலப் பீப்பாயும்

எனக்கு மணம் தெரியாது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் என் மூக்கு ஒரே மரியாதைதான் கொடுக்கும். பதினெட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போன மோப்பம், பிறகு திரும்பி வரவேயில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சமையல்காரன் அதை முதலாளியிடம் மறைப்பது வெட்கக்கேடு. கட்டிய மனைவியிடமும் மறைப்பதற்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியவில்லை. (பொம்பிளை பார்க்கப் போன இடத்திலை ஆரப்பா மூக்கைப் பற்றிக் கதைக்கிறது?) கலியாணமான மறுநாள் வசந்தி வைத்த குழம்பை, "வாசம் தெருவரைக்கும் வருது" என்று புகழ்ந்துவிட்டேன். அதன்பிறகு பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் அந்த வாசத்தைப் புகழ வேண்டியதாயிற்று.

நான் வேலை செய்தது பாரிசில் ஒரு கிரேப் கடையில். கிரேப் என்றால் பிரெஞ்சுக்காரரின் மெல்லிய தோசை. அதோடு அவர்கள் தேநீர்க் கோப்பை போன்ற ஒன்றில் 'சீத்ர்' குடிப்பார்கள். ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்து எடுக்கும் மெல்லிய மது அது. என் முதலாளி முசியே ஈவ், சீத்ருக்குப் பேர்போன பிரெத்தாஞ் மாநிலத்து ஆள். சீத்ரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுப்பில் தோசை கருகுவதுகூடத் தெரியாது அவருக்கு. (எனக்கும் தெரியாது. அதனால் நாங்கள் இருவரும் நன்றாக ஒத்துப்போனோம்.)

2011ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. நாங்கள் அப்போது பாரிசுக்கு வெளியே செவ்ரானில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். பக்கத்து வீட்டு மதாம் கொலெத்தின் தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரம். பழமெல்லாம் விழுந்து புல்லில் அழுகிக் கிடந்தது. "எனக்குக் குனிய முடியாது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர். அந்தத் தெருவைப் பார்த்தேன். அநேகமாக எல்லா வீட்டிலும் மரம், எல்லா வீட்டிலும் குனிய முடியாத ஒருவர்!

ஒரே இரவில் நான் தொழிலதிபரானேன். பதினொரு வயது மகள் அபியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மணி அடித்தேன். அவள்தான் மொழிபெயர்ப்பாளர். "அப்பாவுக்கு உங்கள் ஆப்பிள் வேண்டுமாம். கள்ளன் இல்லை" என்று பிரெஞ்சில் சொல்வாள். அந்த இரண்டாவது வசனத்தை நான் சொல்லச் சொல்லவில்லை.

பழங்கள் கராஜை நிறைத்தன. முதல் நாள் வசந்தியின் மிக்சியில் போட்டு அரைத்தேன். அது சீதனத்தோடு வந்த மிக்சி. நாலாவது வாளியில் புகைவிட்டு உயிரை விட்டது. பிறகு பழைய பிழிபொறி ஒன்றைத் தேடி வாங்கினோம். சாறு வந்தது. ஊற்றி நொதிக்க வைக்கப் பீப்பாய் வேண்டும்.

வசந்தியின் தமையன் தேவன், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கத்தில் இரண்டு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் (எங்கள் பேச்சில் 'பரல்') நின்றன.

"எடுத்துக்கொண்டு போ மச்சான். மூண்டு தரம் கழுவினனான்" என்றார்.

முன்பு அதற்குள் என்ன இருந்தது என்று கேட்கும் புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

கார் துநோர் நிலையத்தில் புறநகர் ரயிலான ஆர்.இ.ஆர். ஏறினேன். வேலை விடும் நேரம். மூச்சு விட இடமில்லாத ரயில். நான் இரண்டு பீப்பாய்களோடு ஏறியதும் சனம் விலகியது. ஒருவர் எழுந்து இடமே கொடுத்தார். அடுத்த தரிப்பில் என்னைச் சுற்றி நாலு இருக்கை காலியாகிவிட்டது. பாரிசுக்கு வந்து இத்தனை வருடத்தில் அப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை. 'உழைப்பாளியை மதிக்கத் தெரிந்த நாடு' என்று நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, வசந்தி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பரல் கருவாடு மணக்குது."

"உமக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது போலை" என்றேன் சிரித்துக்கொண்டு.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். "கராஜ் முழுக்க மணக்குதப்பா. கருவாடேதான்."

"சாமான் நொதிக்குது. நொதிக்கேக்கை மணக்கத்தான் செய்யும். பிரெஞ்சுக்காரற்றை சீஸ் மணக்கேல்லையே?"

சீஸ் என்று சொன்னதும் அவள் திரும்பிப் போய்விட்டாள். இந்த நாட்டில் அந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. ருசி பார்த்தேன்: புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, நாக்கில் நுரை. எல்லாம் சரியாகவே இருந்தது. மூக்கு இல்லாதவனுக்குக் கருவாடும் வெறும் உப்புத்தானே! வசந்தி மது தொடமாட்டாள். அபி குழந்தை. ஆகவே தலைமைச் சுவைஞரும் நானே, தரக் கட்டுப்பாட்டு அதிகாரியும் நானே.

இதற்கிடையில் லா சப்பலில் கதை பரவிவிட்டது. வசந்தி மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், "உங்கடை அவர் கராஜுக்குள்ளை கசிப்புக் காய்ச்சிறாராமே?" என்று கேட்டிருக்கிறாள். ஊரில் கள்ளச்சாராயத்துக்குத்தான் அந்தப் பெயர். வசந்தி அழுதுகொண்டு வந்தாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இது கௌரவமான பானம், பிரெஞ்சுக்காரர் கோப்பையில் குடிப்பது என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். போத்தலில் அடைத்து முடிந்ததும், ஒரு ஞாயிறு பின்னேரம் தேவனின் கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். பழம் தந்த அயலவர்கள், சொந்தக்காரர், அந்தக் கசிப்புப் பெண், எல்லாருமாக நாற்பது பேர். முசியே ஈவ் கோட்டுப் போட்டு வந்தார். நன்றாயிருந்தால் தன் கடையிலேயே விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மதாம் கொலெத் சிவப்புத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கோப்பைகளில் ஊற்றி எல்லோர் கையிலும் கொடுத்தாயிற்று. நான் மனப்பாடம் செய்த பிரெஞ்சில் பேசினேன். கடைசி வசனம் நானே யோசித்தது:

"உடனே குடிக்காதீர்கள். கண்ணை மூடுங்கள். ஆழமாக மணந்து பாருங்கள். செவ்ரான் தோட்டங்கள் உங்கள் கண்முன் வரும்!"

நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். நாற்பது பேரும் ஆழமாக இழுத்தார்கள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கருவாடு!"

"சீலாக் கருவாடு" என்றார் இன்னொருவர்.

"உமக்கென்ன விசரே? இது கட்டா. சீலாவுக்கு இப்பிடி மணம் வராது."

"நல்லா மணந்து பாரும் அண்ணை, சீலாதான்."

மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தீர்ப்புக்காக மறுபடி மறுபடி மணந்து பார்த்தது. முசியே ஈவ் மட்டும் அசையவில்லை. கோப்பையை மூக்கருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு என்னிடம் பிரெஞ்சில் எதையோ கேட்டார். பதற்றத்தில் எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. அபி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

"அப்பா, இந்த ஆப்பிள் எந்தக் கடல்லை பிடிச்சது எண்டு கேக்கிறார்."

சிரிப்பில் கதிரைகள் சாய்ந்தன. கசிப்புப் பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் தேவனின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன்.

"பரலுக்குள்ளை முந்தி என்ன இருந்தது?"

"கட்டாக் கருவாடு."

"எவ்வளவு காலம்?"

"கடை திறந்த நாள் தொடக்கம்" என்றார், தலையைச் சொறிந்தபடி. "ஆனா மூண்டு தரம் கழுவினனான் மச்சான்."

திரும்பினால் மதாம் கொலெத் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்திருந்தார். "என் கணவர் நட்ட மரம். அவர் போனபிறகு அதன் பழத்தை யாரும் தொடவில்லை" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். சிரித்தவர்களைத் தாங்கிக்கொண்டேன். அந்தக் காலிக் கோப்பையைத்தான் தாங்க முடியவில்லை.

வசந்தி என் முன்னால் வந்து நின்றாள். "உங்களுக்கு உண்மையாவே மணக்கேல்லையா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "எனக்கு மணமே தெரியாது வசந்தி."

"எப்ப தொடக்கம்?"

"பதினெட்டு வயசிலையிருந்து."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப பன்னிரண்டு வருசமா என்ரை குழம்பு வாசம் எண்டு சொன்னது?"

நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் கண்ணை மூடச் சொல்லி ஒரு கிண்ணத்தை மூக்கடியில் பிடித்தாள். "என்ன இது?"

"மீன் குழம்பு. வாசம் அந்த மாதிரி!" என்றேன், பழக்கதோசத்தில்.

"சவர்க்காரத் தண்ணி" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பிழைத்தேன்.

என் மூக்கின் கதை தெரிந்ததும் முசியே ஈவ் என்னை வேலையால் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மீதிப் போத்தல்களில் இரண்டை எடுத்து, அதிலே சிப்பி அவித்துத் தானே சாப்பிட்டார். "பழத்தில் குற்றமில்லை. ஆனால் உன் மனைவியின் மூக்கை வேலைக்கு எடு" என்றார். அடுத்த வருடம் தன் தாய் வீட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அனுமதிப் பத்திரமெல்லாம் முறையாக எடுத்தோம். வசந்தி குடிப்பதில்லை, மணந்து மட்டும் பார்ப்பாள். அவள் தலையாட்டாமல் ஒரு போத்தலும் கராஜை விட்டு வெளியே போகாது. லேபிளில் இருப்பதும் அவள் பெயர்தான். நான் பழம் பொறுக்குகிறேன், தொட்டி கழுவுகிறேன். (மூன்று தரம் அல்ல, ஏழு தரம்.)

போன வருடம் அபி தனக்குப் பிடித்த பையனைச் சொன்னாள். புதுச்சேரிக் குடும்பம், துலூசில் இருக்கிறார்கள். பையனின் தகப்பனார் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம். முதல் தடவை வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு நானே எங்கள் சீத்ரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் கோப்பையை வாங்கினார். கண்ணை மூடினார். ஆழமாக மணந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் கேட்டார்:

"ஏன் முசியே, இது எந்தக் கடல்ல புடிச்சது?"

அபி, தான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காதவள்போல, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தி சிரிப்பை அடக்க மாட்டாமல் குசினிக்குள் ஓடினாள்.

"அட்லாந்திக் முசியே" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குடித்தார். சாதகம், சீதனம், ஊர், வேலை என்று வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்.