வலக்கை கொழுந்தியாளுக்கு, இடக்கை மனைவிக்கு

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ நலம். உங்கள் நலத்துக்கு என்ன குறை, மனைவியை இங்கே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். போனில் பேசினால் அக்கா, தங்கை இரண்டு பேர் காதிலும் விழும் என்பதால் எழுதுகிறேன்.

வெந்நீரில் விரலை ஊறவைத்து நகம் திருத்துகிற பழைய முறை இன்றைய பார்லர்களில் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டீர்கள். இருக்கிறது, என் வலது கையில் இருக்கிறது. அக்காவும் தங்கையுமாகத் திறந்த கடையில் இப்போது நடுவே திரை தொங்குகிறது. அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரி வெந்நீர்க் கிண்ணமும், நகத்தோரத் தோலைத் தள்ளும் மரக்குச்சியும், தேய்த்து மினுக்கும் தோல்பட்டையுமாக. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி நகம் தேய்க்கும் மெஷினும், மேலே பூசும் ஜெல்லும், அதைக் காயவைக்கும் விளக்குமாக. பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு கையாக என்னைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எந்தக் கை அழகு என்று வெள்ளிக்கிழமை நான் சொல்லவேண்டுமாம், தோற்றவர் கடையை விட்டுப் போகவேண்டுமாம். மனைவி கை என்றால் உங்கள் குடும்பம் எங்கள் வாசல் மிதிக்காது, கொழுந்தியாள் கை என்றால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கை இது. சரக்கு வாங்க வந்த கொத்தனார், "என்ன முதலாளி, ஒரு கை மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சா?" என்கிறார். நான் எந்தக் கையை மறைப்பது? "அத்தான், ஆடாம உக்காருங்க" என்று ஒரு பக்கம் இழுக்க, "ஏங்க, இந்தக் கையை விளக்கிலேர்ந்து எடுக்காதீங்க" என்று மறுபக்கம் அதட்ட, நடுவில் நான் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி.

நேற்று நாற்காலியில் அலுத்துக் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். என் வீட்டுக்காரியிடம் வந்த டீச்சருக்கு நகத்தோரத் தோல் இறுகிக் கிடந்தது; இவள் திரைக்கு அடியில் கையை நீட்ட, அந்தப் பக்கமிருந்து வெந்நீர்க் கிண்ணம் சத்தமில்லாமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு கை நீள, இங்கிருந்து மெஷின் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டும் கலந்துதான், எனக்கு மட்டும்தான் கலப்படமில்லாத சரக்கு! இதைச் சொல்லி மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. ஆகவே சகலை, உடனே புறப்பட்டு வந்து தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு, இனி தேவைப்படும் தைரியம் உண்டாகட்டும்.

களைத்துப்போன,
உங்கள் சகலை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. வாயை அடக்க முடியாமல், "அடியில கிண்ணமும் மெஷினும் போய்வருதே, அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?" என்று கேட்டுவிட்டேன். "எங்க கடை, நாங்க பாத்துக்கறோம். உங்களை யாரு கேட்டா?" என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அதோடு ராசியாகி, திரையையும் கழற்றிவிட்டார்கள். பழைய முறை, புது முறை இரண்டும் உண்டு என்று புதுப் பலகை மாட்டப்போகிறார்கள். அதில் போட ஒரு ஜோடிக் கையின் படம் வேண்டுமாம். என் கையைப் பார்த்துச் சேர்ந்தே சிரித்தார்கள். பேனா பிடிக்கிற உங்கள் கைதான் தோதாம். நாளைக் காலை பஸ்ஸில் உங்களைக் கூட்டிவரக் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து சேர, இதை இன்றே என் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே வரச்சொல்லி எழுதியதை மறந்துவிடுங்கள். ஊரில் இல்லாமல் இருங்கள்.