சர்வர் அண்ணாச்சியின் ஐஸ் ஓட்டல்

தனக்குத்தானே ஆர்டர் கொடுத்து, தானே பரிமாறி, குருமாவில் உப்புக் கம்மி என்று தன்னையே சத்தம் போட்ட மனிதர் பம்பாயில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தாராவிச் சந்தில், எனக்கு அடுத்த ரூமில் இருக்கிறார்.

அவர் பெயர் சந்தில் யாருக்கும் ஞாபகமில்லை. மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் ஆயுசு முழுக்க சர்வராக இருந்ததால் சர்வர் அண்ணாச்சி. தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் மீன் மாதிரி நழுவிப் போவாராம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டலை மூடிவிட்டார்கள். பெண்டாட்டி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணாச்சிக்குச் சமைக்கத் தெரியாது. "அடுப்பங்கரை வாசல் வரைக்குந்தான் மயினி நம்ம எல்லை" என்பார் என்னிடம். அதனால் மூன்று வேளையும் பார்சல். ஆறிப்போன தோசையை டப்பாவிலிருந்து எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கடைசியில் வயிறு கெட்டு, சயான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தார்.

அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்வி போனில் போட்ட சத்தம், எங்கள் தகரச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். நீங்க என்ன திங்கிதியன்னு என் கண்ணால பாக்கணும். அப்பவும் பார்சல்தான்னா, பெட்டியக் கட்டிட்டு எங்கூட கெளம்பிரணும். பொறவு தாராவி கீராவின்னு பேசப்படாது."

அண்ணாச்சி அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் எங்கேயோ போய்ப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கைவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதற்குள் ஐஸாக உறைந்த சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கினார். அட்டைமேல் 'ஓட்டல் ருசி' என்று போட்டிருந்தது.

"ஓட்டல் ருசியாம்! எங்கிட்டயே சொல்லுதான். பாத்துருவோம்" என்றார் அட்டையைப் பார்த்து.

முதல் பிரியாணியை எனக்குக் காட்டினார். செங்கல் தோற்றுப்போகும். தரையில் தட்டினால் டங்கென்றது. அதை இட்லிக் கொப்பரையில் வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்க ஏலக்காய் வாசனை. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக, எங்கோ ஒரு மாஸ்டர் இப்போதுதான் இறக்கிவைத்த மாதிரி. நான் வாயில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மந்திரம் போட்டாலும் இப்படி ஆகாது.

அண்ணாச்சி மட்டும் அட்டையையே முறைத்துக்கொண்டிருந்தார். "படத்துல மேல கொத்தமல்லி இருக்கு. உள்ள இல்லியே?"

டப்பா வாங்கின கடைக்கு நேரே போனார். "அங்கிள், அது சும்மா போட்டோ" என்று ஹிந்தியில் சொல்லிப் பார்த்திருக்கிறான் கடைக்காரன். "போர்டுல எழுதினா உள்ள இருக்கணும். அதாம்லே ஓட்டல்" என்று இவர் தமிழிலேயே நின்றிருக்கிறார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கடைசியில் அவன் ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் சும்மா கொடுத்து அனுப்பிவைத்தான். அதற்கப்புறம் இவர் தலையைக் கண்டாலே கொத்தமல்லி தயாராக இருக்குமாம்.

தினமும் ஒரு டப்பா சோதனை நடந்தது. மேஜையில் உட்காருவார். "என்ன இருக்கு?" என்பார். எழுந்து, தோளில் துண்டைப் போட்டு, "பரோட்டா, பன்னீர், பிரியாணி" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். மறுபடியும் உட்கார்ந்து, "சீக்கிரம் கொண்டாரும்வே!" என்பார். எதிர் ரூமுக்குப் புதிதாக வந்தவர்கள், உள்ளே ரெண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்தார்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. அடுப்புக்கு என்னை நிறுத்தினார். நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. "நான் ஆர்டர் சொன்னதும், வருதுன்னு சத்தமா சொல்லணும் மயினி."

செல்வி உட்கார்ந்தாள். மூலையில் இருந்த அவருடைய டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சாப்பிடுதிய?" என்றார் அண்ணாச்சி, முன்பின் தெரியாதவர் மாதிரி.

"அப்பா, நான் செல்வி."

"தெரியும். என்ன சாப்பிடுதிய?"

அவள் சொன்னாள். "ரெண்டு பரோட்டா, ஒரு பன்னீர்!" என்று குரல் கொடுத்தார். எனக்குச் சத்தம் வரவில்லை. கரண்டியால் கொப்பரையில் ரெண்டு தட்டுத் தட்டினேன். பதற்றத்தில் பன்னீரைச் சீக்கிரமே எடுத்துக் கொடுத்துவிட்டேன் போல. திரை இடுக்கில் பார்த்தேன். அண்ணாச்சி மேஜைக்குப் பக்கத்தில் போய்ப் பன்னீரில் கரண்டியை விட்டார். கரண்டி இறங்கவில்லை. நடுவில் ஐஸ்.

அண்ணாச்சி முகம் மாறவே இல்லை. "பன்னீர் இப்பத்தான் தீந்துச்சும்மா. பிரியாணி சூடா இருக்கு."

"கையில வச்சிருக்கியளே, அது பன்னீர்தான?"

"அது வேற டேபிளுக்கு."

அந்த ரூமில் இருந்ததே ஒரு மேஜைதான். செல்வி அந்த ரூமைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிரியாணி வந்தது, கொத்தமல்லியோடு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"நீங்களும் உக்காருங்கப்பா."

"கஸ்டமரோட சர்வர் உக்காரப்படாது."

அவள் காலித் தட்டைத் தள்ளிவைத்தாள். "அங்க வந்தாலும் நீங்க இப்படித்தான் துண்டப் போட்டுக்கிட்டு நிப்பியப்பா. எங்க மாமியா மொத நாளே ஆர்டர் சொல்ல ஆரம்பிச்சிரும். மறுநாள் காப்பி ஆறிப்போச்சுன்னு வையும். என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நீங்க இங்கயே இருங்க. வயித்துக்கு நல்லதாத்தான் திங்கிதிய."

போகும்போது திரையை விலக்கி, "பெரியம்மா, நீங்க பக்கத்துல இருக்கிய, எனக்குப் பயமில்ல" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் ரயிலுக்குப் போனதும் நான் என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் மேஜையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அது நிற்கிறவரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.