பல் டாக்டரின் பம்பரும் ஆற்றல் அழியா விதியும்

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் காரைத் தவிர இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள்; இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

“பேட்டரி இறங்காம அப்பப்ப ஓட்டி வையுங்க மாமா” என்று நீங்கள் சொல்லிப் போனதைச் சிரமேற்கொண்டு செய்துவந்தேன். செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் வண்டி தெருவோரம் நின்றிருந்தது. நான் நடக்கும் வேகத்தில், மறுபடியும் சொல்கிறேன், நடக்கும் வேகத்தில் போய் அதன் பின்பக்கத்தைத் தொட்டேன். ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், இயக்க ஆற்றல் ஒரு துளிகூட வீணாகவில்லை. கொஞ்சம் உங்கள் பானெட்டை மடித்தது. பானெட் மடிந்து வாங்கிக்கொண்டதால்தான் என் விலா எலும்பு தப்பியது, ஆக அது சேதமல்ல, சேவை. கொஞ்சம் டாக்டர் வண்டியை முன்னே தள்ளியது, கொஞ்சம் டயரில் சூடானது, கொஞ்சம் ‘டமார்’ என்று தெருக்கோடி வரை போனது, மிச்சம் உங்கள் அத்தை வாய்வழியாக இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. “நடக்கிற வேகமாம்ல! பேய் துரத்தினாக்கூட யாரும் அப்படி நடக்கமாட்டாங்க” என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டாள். டாக்டரும் அவள் கட்சி. “சார், எப்படியும் பம்பரை மாத்தத்தான் போறேன். இன்னொரு மூலை நல்லாத்தான் இருக்கு, அதே வேகத்துல இடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்” என்கிறார். காட்டத்தான் போகிறேன். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி என்பது அத்தைக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது.

நீங்கள் பேத்தியோடு வந்து இறங்கும்போது ஸ்டேஷனிலிருந்து நானே ஓட்டி அழைத்துவர வேண்டும். இந்த வயதில் லைசென்ஸ் எடுத்ததே அதற்குத்தான். ஆகவே சாவியை என்னிடம் கொடுக்கும்படி அத்தைக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லவும். அவள் என் பேச்சைத்தான் கேட்கமாட்டாள், உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள்.

பேத்திக்கு முத்தங்கள். எல்லோரும் தீர்க்காயுளோடு இருங்கள்.

உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் சோதனை முடிந்தது. அத்தை சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்; அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் நடந்துவர, அவரை முந்தாமல் ஓட்டிப்போய் இடித்தேன். பம்பரில் பெயின்ட்கூட உரியவில்லை. “அப்ப அன்னிக்கு என்ன வேகம் சார்?” என்றார். கணக்குப் போட்டேன், விடையை இங்கே எழுதுவதாக இல்லை. விதியில் தவறே இல்லை, மாப்பிள்ளை. அத்தைக்குப் போன் செய்ய வேண்டாம். ஸ்டேஷனுக்குக் கட்டாயம் வருவேன், பஸ்ஸில்.