விசில் சார் காட்டிய இங்கிலீஷ் படம்

விசில் சார் வாயைத் திறந்து பேசுவதெல்லாம் அவசர ஆபத்துக்குத்தான். மற்ற காரியங்களை ஊதியே முடித்துவிடுவார். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது, அவர் அங்கே டிரில் மாஸ்டர். சொந்த ஊர் கன்னிவாடி. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு தடவை ஊதினால் பையன்கள் எழ வேண்டும். இரண்டு தடவை ஊதினால் திரும்பி நிற்க வேண்டும். காப்பிக் கிளப்பில் சர்வரைக் கூப்பிடுவதும் அதே விசிலால்தான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் போன ஒரு மாணவனைப் பார்த்து ஊதினார். கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்க, பழனி பஸ் கிளம்பிப் போய்விட்டது.

மனிதருக்கு சினிமாப் பைத்தியம். ஊருக்கு ஒரு பிரிட்டிஷ் சிரிப்புப் படம் வந்தது. கதை முழுக்கப் பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமை காலைக் காட்சிக்கு நானூறு பையன்களையும் கூட்டிப் போகிறேன் என்று ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றார். ஹெட்மாஸ்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நல்ல படமா?"

"பள்ளிக்கூடப் படம் சார். அம்புட்டும் ஒழுக்கந்தேன்."

"கோளாறா ஏதாச்சும் இருந்துச்சுன்னா, திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வர வேணாம்."

விசில் சாருக்குத் தற்காலிக வேலை. ஹெட்மாஸ்டர் சொன்னால் செய்கிற ஆள். வெளியே வந்ததும், "நீங்க படம் பாத்தாச்சுல்ல?" என்று கேட்டேன்.

"போஸ்டர் பாத்தேன்ல."

தியேட்டரில் பையன்கள் முன்னால் பெஞ்சில். ஹெட்மாஸ்டரும் நாங்களும் கடைசி வரிசை நாற்காலியில். அந்த வெள்ளைக்காரர்கள் பேசிய இங்கிலீஷ் எம்.ஏ. படித்த ஹெட்மாஸ்டருக்கே பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவும் முடியாது. விசில் சார் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கினார்.

கதவு திறந்ததும் வாத்தியார் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது.

"குருவுக்கு மாணாக்கர்கள் நீராட்டுறாங்க."

ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். அடுத்து, பையன்கள் வாத்தியாரை மைதானம் முழுக்கத் துரத்தினார்கள்.

"ஓட்டப் பயிற்சி. ஆசிரியரும் கலந்துக்கிறாரு பாருங்க."

அப்புறம் படத்து ஹெட்மாஸ்டரை நாற்காலியோடு தூக்கிக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். "பல்லக்கு மரியாதை" என்றவர், குளத்தைப் பார்த்ததும் விசிலை எடுத்தார். ஒரு தடவை ஊதினார். உடனே இரண்டு.

நானூறு பையன்களும் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நின்றார்கள். இப்போது அவர்கள் கண்ணுக்கு நேரே எங்கள் ஹெட்மாஸ்டர். திரையில் அந்த ஹெட்மாஸ்டர் தலைகுப்புறக் குளத்தில் விழ, இவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொந்தி. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து நானூறு பேரும் சிரித்தார்கள். எங்களுக்கு அதுதான் படம்.

"யோவ், அவனுகளைத் திருப்பி விடுய்யா. பாவம், பாக்கட்டும்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

படம் விட்டு வாசலுக்கு வந்ததும் விசில் சார் கையைக் கட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றார்.

"திங்கக்கிழமை வந்துருங்க" என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் ரிக்‌ஷாவில் ஏறினார்.

சந்தோஷத்தில் விசில் சார் விசிலை வாயில் வைத்தார். உதடு நடுங்கியது, சத்தமே வரவில்லை. அந்தச் சத்தம் வராத மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.