அடைப்புக்குறி அண்ணாச்சி

ஆக்சிஜனை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் தெரியாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் குற்றாலத்தில் என் பக்கத்து அறையில் இருந்தார். "ஆக்சிஜன், அடைப்புக்குறிக்குள்ள பிராணவாயு, இன்னொரு அடைப்புக்குறிக்குள்ள உயிர்வளி" என்று அவர் முடிப்பதற்குள் கேட்பவனுக்கு அது தேவைப்படும். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. லாட்ஜ் ரிஜிஸ்டரிலேயே 'அடைப்புக்குறி அண்ணாச்சி' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

தென்காசியில் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷம் அறிவியல் புரூஃப் பார்த்தவர். வேலை முடிந்ததும் நாலு மூட்டை பழைய பாடப்புத்தகங்களோடு தனியாளாக லாட்ஜில் வந்து ஒதுங்கிவிட்டார். நான், மனைவியையும் மகளையும் மதுரையில் விட்டுவிட்டு மாறுதலில் வந்த அறிவியல் வாத்தியார். சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து லாட்ஜ்களில் அறையை மாச வாடகைக்கு விடுவார்கள். முதல் சாரல் விழுந்ததும் காலி செய்துவிட வேண்டும், அதுதான் பேச்சு. முப்பது அறைகளில் இரண்டில்தான் விளக்கு எரியும். அருவியிலும் தண்ணீர் கிடையாது, தெருவிலும் ஆள் கிடையாது.

சரியாக ஏழு மணிக்குக் கதவு தட்டப்படும்.

"சார், இருக்கியளா? நீராவிப்போக்குக்கு அந்தக் காலத்துல என்ன போட்டிருந்தாங்க தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் கிடையாது. ஆறே முக்காலுக்கே விளக்கை அணைத்துவிட்டு, பிராணவாயு, உயிர்வளி இரண்டையும் அடக்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். செருப்புச் சத்தம் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு திரும்பிப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்ப்பவரிடம் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம். "மெதுவா தேயும்வே. அது மண்டையோடு, அடைப்புக்குறிக்குள்ள கபாலம்" என்றார் அண்ணாச்சி. "அண்ணாச்சி, அடைப்புக்குறிய மூடுங்க. வாய்க்குள்ள எண்ணெ போவுது" என்றார் தேய்ப்பவர்.

ஜனவரியில் எனக்குச் சோதனை வந்தது. இருபது வருஷமாக இங்கிலீஷ் மீடியத்தில் காலத்தை ஓட்டியவன் நான். தமிழ் மீடியம் வாத்தியார் மாறுதலில் போக, அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்த மூன்றாம் நாள் தலைமையாசிரியர், "நாளைக்கு அதிகாரி அம்மா ஒங்க கிளாஸப் பாக்க வருதாங்க" என்றார். பாடம் ஒளிச்சேர்க்கை. எனக்கு இலை இலையாக வியர்த்தது. நீர் வற்றியது, நிறம் வெளுத்தது. செடிக்கு நடக்கும் எல்லாமே எனக்கு நடந்தது, உணவு தயாரிப்பு தவிர.

அன்று சாயங்காலம் முதல்முறையாக நான் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"வாங்க சார். தெனமும் வெளக்கு இல்லாம எப்படித்தான் இருக்கிய?" என்றார். குரலில் ஒரு துளி குத்தல் இல்லை. அதுதான் குத்தியது.

மூட்டையைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடித்த சொற்கள்.

"புஸ்தகம் மாறுத போதெல்லாம் பழைய வார்த்தைய வெட்டிட்டுப் புதுச ஏத்தணும் சார். பிராணவாயுவ நான்தான் வெட்டுனேன். கரியமில வாயுவயும் நான்தான். பாவம், அதுக எங்கன போவும்? அதான் அடைப்புக்குறிக்குள்ளயாவது ஒரு எடம் குடுக்கேன்."

மறுநாள் வகுப்பில் பயத்தில் எனக்கு எந்தச் சொல்லையும் விடத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் இறக்கினேன். பச்சையம், அடைப்புக்குறிக்குள் குளோரோபில். கார்பன் டை ஆக்சைடு, அடைப்புக்குறிக்குள் கரியமில வாயு. முக்கால் மணி நேரத்தில் பாடம் இலைக்குள்ளேயே நுழையவில்லை.

பின் பெஞ்சிலிருந்து அதிகாரி அம்மா எழுந்தார். "சார், மணி அடிக்கப் போகுது. அந்தச் செடி எப்போ சாப்பிடும்?"

வகுப்பே சிரித்து உருண்டது. நான் வேலை போய்விட்டதாகவே நினைத்து, மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி அம்மா என் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கரியமில வாயுன்னு கேட்டே எத்தனை வருஷம் ஆச்சு! எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு என் அறையில் ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்தது. ஏழு மணிக்குக் கதவு திறந்தே கிடந்தது.

மே கடைசியில் ஒரு நாள் அண்ணாச்சி வாசலில் நின்று மலையைப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், ஆவி சுருங்குது. அடைப்புக்குறிக்குள்ள, ரூமக் காலி பண்ணணும்."

நான் தென்காசியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். காலி செய்த அன்று பஸ் ஸ்டாப்பில், 'என்கூட வந்துருங்க அண்ணாச்சி' என்று வாய் வரை வந்தது. தினமும் ஏழு மணியிலிருந்து தூக்கம் வரை அடைப்புக்குறிகள் என்று ஒரு கணம் பீதியடைந்தேன். அந்த ஒரு கணத்தில் பஸ் வந்துவிட்டது. கேரள எல்லையில், புளியறையில் அவர் தங்கச்சி மகன் வீடு. "அவன் லாரி ஓட்டுதான். வீட்டுல இருக்கதே கெடையாது" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளோடு ஏறிப் போனார்.

தென்காசி அறையில் முதல் நாள். ஏழு மணி அடித்தது. கதவு சும்மா இருந்தது. ஏழேகால். பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் யாரும் வரவில்லை. போனை எடுத்தேன்.

"அண்ணாச்சி, ஆவி சுருங்குதலுக்கு இன்னொரு சொல் சொன்னியளே, மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் செக்போஸ்ட் லாரிகளின் ஹாரன். அதையும் மீறி முக்கால் மணி நேரம் சொன்னார். முடிக்கும்போது, "ஒங்களுக்கு அது மறக்கலன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "நாளைக்கும் எதையாவது மறந்துட்டுக் கூப்பிடுங்க."

பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு எதை மறப்பது என்று.