சிவப்பு மையில் ஒரு டிக்

துர்கா பூஜைக்குள் என் மனைவி சகுந்தலாவை ஆங்கில மேதையாக்கிவிடுவது என்று சபதம் எடுத்தேன். எனக்கு அந்தத் தகுதி உண்டு. கொல்கத்தாவில் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் சூப்பரிண்டெண்ட் நான். சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றாலும் இந்தப் பட்டாபிராமன் வீட்டு மணிதான் அடிக்கும். பூஜை கேரம் போட்டியில் இரண்டு வருஷமாக நான்தான் சாம்பியன். மூன்றாம் முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக நம் வீட்டில். அதைத் துடைத்து வைக்க ஷோகேஸில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

பாடமுறை எளிது. காலையில் நான் ஒரு வார்த்தையும் அர்த்தமும் தருவேன். பகலில் அவள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சாயங்காலம் நான் சிவப்பு மையில் திருத்தி, டிக் போட்டு, தேதியோடு கையெழுத்திடுவேன். கையெழுத்தில்லாத காகிதத்தை நான் காகிதமாகவே மதிப்பதில்லை.

முதல் வார்த்தை 'வாலண்டரி'. யாரும் சொல்லாமல் தானாகவே முன்வந்து செய்வது.

"மை ஹஸ்பண்ட் வில் டூ வாலண்டரி குக்கிங் ஆன் ஆல் ஃபைவ் பூஜா டேஸ்" என்று எழுதியிருந்தாள்.

"ஏன்னா, சரியா இருக்கா?"

"அந்த 'ஆன்' போட்டே பாரு, அங்கதான் நிக்கறே! பேஷ்!"

டிக். கையெழுத்து.

மறுநாள் 'ஃபார்கோ'. நமக்குப் பிடித்ததை நாமே விட்டுக்கொடுப்பது.

"ஹி வில் ஃபார்கோ கேரம்."

"ரொம்பச் சின்னதா இருக்கேடி."

"கடைசில 'கம்ப்ளீட்லி' சேர்க்கட்டுமா?"

"சேர்த்துடு! வாக்கியம் கம்பீரமாயிடும்!"

மூன்றாம் நாள் 'எக்ஸெம்ப்ட்'. விலக்குப் பெற்றவர். "ஐ ஆம் எக்ஸெம்ப்ட் ஃப்ரம் த கிச்சன்." இதற்கு ஒரு ஸ்டாரும் போட்டேன்.

நான் இலக்கணம் பார்ப்பேன், விஷயம் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருஷமாக ஆபீஸ் ஃபைல்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

பெருமை தாங்கவில்லை. எதிர் ஃபிளாட் சாட்டர்ஜி தாவிடம் (பெங்காலியில் 'தா' என்றால் அண்ணா) நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூஜை கமிட்டிச் செயலாளர் அவர். கேரம் போட்டியும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார்.

"குப் பாலோ, ரொம்ப நன்னா இருக்கு, பட்டாபி பாபு! எல்லாத்துலயும் உங்க சைன்தானா?"

"ஒண்ணு விடாம!" என்றேன், மார்பை நிமிர்த்தி.

பூஜையின் முதல் நாள், சஷ்டி காலை. அன்றைய வார்த்தையைக் கொடுத்துவிட்டு, ஸ்டிரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புதுப்புடவையில் சகுந்தலா வாசலை மறித்து நின்றாள். கையில் கரண்டி.

"எங்க கிளம்பிட்டேள்?"

"கேரம் ஆட!"

"அப்போ நோட்டுல போட்ட கையெழுத்து?"

"அதெல்லாம் உதாரண வாக்கியம்டி! நான் கையெழுத்துப் போட்டது கிராமருக்கு!"

"கிராமருக்கு மட்டும்னு எங்க எழுதியிருக்கேள்?"

தேடினேன். எங்கேயும் எழுதவில்லை.

"சாட்டர்ஜி தாகிட்ட நான் சொல்லிக்கறேன், நகரு!"

"அவர் உங்க பேரை அன்னிக்கே அடிச்சுட்டார். நீங்களே எழுத்து மூலமா விலகிட்டேளாமே! நோட்டையும் நீங்களே கொண்டுபோய்க் காட்டினேளாம். உங்க பெருந்தன்மையை கமிட்டில எல்லாரும் கைதட்டிப் பாராட்டினாளாம்."

ஷோகேஸில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தேன். அழுகை வந்தது.

"பூஜைப் பந்தல்ல லேடீஸ் போடற நாடகத்துல என்னோட நடிக்கிற பதினோரு பேருக்கும் அஞ்சு நாளும் நம்மாத்துலதான் சாப்பாடு. சாம்பார்ல காரம் கம்மியாப் போடுங்கோ, பௌதிகளுக்கு, அதான் இந்த பெங்காலி மன்னிகளுக்கு, ஆகாது. அடுக்களைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னிக்கு வாக்கியத்தையும் பார்த்துடுங்கோ, இப்பவே எழுதிட்டேன்."

அன்று நான் கொடுத்திருந்த வார்த்தை 'இர்ரெவோகபிள்'. எந்தக் காலத்திலும் மாற்ற முடியாதது.

"மை ஹஸ்பண்ட்ஸ் சிக்னேச்சர் இஸ் இர்ரெவோகபிள்."

இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. சொல்லாட்சி, சுருக்கம், கம்பீரம்! நான் தயார் செய்த ஆள் அல்லவா? அந்த நிலையிலும் நெஞ்சு விம்மியது.

டிக் போட்டு, தேதியோடு கையெழுத்திட்டுவிட்டு, துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன்.