அத்தான் வீட்டில் விழுந்த சிவப்புப் புள்ளி

செவன் கிங்ஸ், லண்டன்
சனிக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் உரிய சபாரத்தினம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் தேவராசா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், சுவர்ணா, கலியாணப் பொம்பிளையான எங்கள் மகள் மஹதி மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் கமலாம்பிகை அக்காவும் சுகம்தானே என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன கிழமை டென்மார்க் நகரசபை ஆட்கள் உங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்குள் கருவி வைத்து ஈரம் அளந்துவிட்டுப் போனார்கள் என்று அறிந்த பிறகு, சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். மூன்றாம் தரம் அக்கா எடுத்து, "அவர் உன்னோட கதைக்கமாட்டாராம். சொல்லுறதை எழுத்தில சொல்லட்டாம்" என்று வைத்துவிட்டா. அதனால் எழுதுகிறேன். கடிதம் எழுதிய கை பழக்கம் விட்டுப் போய்விட்டது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று நீங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். "கவுன்சிலிலை படம் கீறுறான்" என்று எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள். அது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாவிட்டால் நான் செய்த பிழை உங்களுக்கு விளங்காது. ஐரோப்பாவில் பதினொரு நாட்டு நகரசபைகளும் நாங்களும் சேர்ந்து, எந்த வீட்டுக்கு வெள்ள அபாயம் எவ்வளவு என்ற விவரத்தை ஒரே வரைபடத்தில் பகிர்ந்துகொள்கிறோம். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் பிரிந்த பிறகும் எங்களை எழுப்பிவிடாமல், வாசல் பக்கத்துக் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஆளுக்கொரு விதம். ஒரு நாடு அபாயத்தை எழுத்தில் குறிக்கும், இன்னொரு நாடு நிறத்தில் குறிக்கும், நாங்கள் லண்டனில் யாராவது தொலைபேசியில் கத்தினால் குறிப்போம். எல்லோரையும் ஒரே முறைக்குச் சம்மதிக்க வைக்க மூன்று வருடம் பிடித்தது. 'வீடு' என்றால் என்ன என்று முடிவு செய்ய மட்டும் ஒன்பது கூட்டம். கோழிக்கூடு வீடா இல்லையா என்பதில் மூன்று நாள் போனது. கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் என்று தீர்மானித்தோம். ஒன்று என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. மூன்று என்றால் தொலைபேசியில் அறிவித்தால் போதும். ஐந்து என்றால் சிவப்புப் புள்ளி: பதினான்கு நாட்களுக்குள் நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். இந்த விதியை எழுதியவன் நான்தான், அத்தான். கைதட்டினார்கள்.

இதற்குள் மஹதிக்கு வெம்பிளியில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. எங்கள் சனமோ பாரிஸ், ஸூரிச், ஒஸ்லோ, உங்கள் ஊர் என்று திக்குக்கொன்றாய் இருக்கிறது. சுவர்ணா ஒரு கொப்பியில் விலாசம் எழுதத் தொடங்கி, வெட்டி, திரும்ப எழுதி, "இஞ்சருங்கோ, ஆருக்கு நேரில போய்ச் சொல்லவேணும், ஆருக்குப் போன் காணும் எண்டு நீங்களே பிரியுங்கோ, எனக்கு ஏலாது" என்று கொப்பியை என் மடியில் போட்டா. எனக்கு ஒரு புத்தி வந்தது. அலுவலகத்தில் வெள்ள அபாயப் படிவம் வெறுமையாகக் கிடக்கிறது. பதினொரு நாட்டு விலாசமும் தட்டினால் வரைபடத்தில் வந்து நிற்கும். பக்கத்தில் இலக்கம் போட ஒரு கட்டம், குறிப்பு எழுத ஒரு கட்டம். ஒன்று என்றால் வாட்ஸப்பில் கார்டு. மூன்று என்றால் போன். ஐந்து என்றால் வெற்றிலைத் தட்டத்தோடு நேரில். கலியாணத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் சோற்றுக் கரண்டியும் மறுகையில் சொந்தபந்தமுமாக, நாற்பத்தாறு வீட்டையும் பதிந்து முடித்தேன். பிறகு வழக்கமாகச் சேமிக்கிற இடத்திலேயே சேமித்துவிட்டு எழும்பினேன். அந்த இடத்தில் இருப்பதெல்லாம் வியாழக்கிழமை இரண்டு மணிக்குத் தானாகவே பதினொரு நாட்டுக்கும் போகும். அந்த ஏற்பாட்டையும் நான்தான் செய்தேன்.

திங்கட்கிழமை என் மேலதிகாரி கல்யாணி கூப்பிட்டா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, என்னை விட இருபது வயது குறைவு, குரல் உயர்த்தவே மாட்டா. "சார், ஸூரிச்ல ஆறாவது மாடி ஃபிளாட்டுக்கு வெள்ள அபாயம் அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. தண்ணி எந்தப் பக்கமா ஏறும்னு அவங்க கேக்கறாங்க" என்றா. பிறகு, "பாரிஸ்ல ஒரு வீட்டுக்கு 'சின்னம்மா, சீலை கட்டாயம், நீலம் வேண்டாம்'னு குறிப்பு இருக்கு. அது ஏதாவது தடுப்புத் துணியா சார்?" என்றா. அத்தான், நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஆமா சார், எங்க வீட்லயும் இதே பிரச்சினைதான். ஆனா நாங்க எக்ஸெல்ல போட்டோம்" என்று மட்டும் சொன்னா.

அதற்குள் எல்லா நாடும் நல்ல பிள்ளையாக விதியைப் பின்பற்றத் தொடங்கிவிட்டது. பாரிஸில் சின்னம்மாவின் வாசலில் பன்னிரண்டு மண்மூட்டை இறக்கினார்கள்; அவ அதைக் கொட்டிக் கறிவேப்பிலை நட்டுவிட்டா. வரைபடம் பொதுமக்களும் பார்க்கக்கூடியது என்பதால் பெடியள் யாரோ கண்டுபிடித்துக் குடும்பக் குழுவில் போட, "உங்களுக்கு எத்தினை?" என்று ஆளையாள் கேட்கத் தொடங்கினார்கள். ஐந்து கிடைத்தவர்களுக்கு ஆத்திரம், ஒன்று கிடைத்தவர்களுக்கு அதைவிட ஆத்திரம். ஒன்று கிடைத்த ரதீசன் ஒஸ்லோவிலிருந்து போன் எடுத்தான். "தேவண்ணை, நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லாத ஆக்களோ? என்ர பெரியவளின்ர சாமத்தியச் சடங்குக்கு உங்களை நேரில வந்துதானே கூப்பிட்டனான்?" என்றான். ஓம், வந்தவன்தான். நான் மறந்துபோனேன்.

உங்கள் வீட்டில் நடந்ததை அக்கா சுவர்ணாவுக்கு ஏழு நிமிடக் குரல்பதிவாக அனுப்பியிருந்தா. அதை நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மஞ்சள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்ததும், மீன் வைத்திருக்கும் ஃபிரீசரைக் கல் வைத்து உயர்த்தச் சொன்னதும், வெளிவாசல் கேற்றில் அபாயப் பலகை மாட்டியதும், அதை எதிர்வீட்டு டெனிஷ்காரி நின்று வாசித்ததும் எல்லாம் கேட்டேன். நீங்கள் "இதை அனுப்பினது ஆர்?" என்று கேட்க, அவர்கள் தாளைக் காட்ட, அதில் என் பெயர் இருந்ததாம். குறிப்பை அந்தந்த நாட்டு மொழிக்குத் தானாக மாற்றிக் கொடுக்கிற வசதி எங்கள் திட்டத்துக்குப் பெரிய பெருமை. அதைத்தான் அந்த மனிதர் மரியாதையாக உங்களுக்கு வாசித்துக் காட்டினாராம்: 'வீட்டுக்காரர் கோபக்காரர். நேரில் போகாவிட்டால் வரமாட்டார். போனால் ஸ்டேஷன் கதையை மூன்று மணித்தியாலம் கேட்க வேண்டும். தப்ப வழி உண்டா?' நீங்கள் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்களாம். அவர்கள் போன பிறகு அக்காவிடம் சொன்னீர்களாம்: "முன்னப்பின்னத் தெரியாத ரெண்டு டெனிஷ்காரன் நேரில வந்திட்டுப் போறாங்கள். உன்ரை தம்பி வரேல்லை."

அத்தான், அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ஸ்டேஷன் கதை யாருடைய கதை? தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்கழியில், எந்த ரயிலில் வருகிறேன் என்று சொல்லத் தெரியாமல் நான் வர, கையில் ஒரு மேல்கோட்டோடு நீங்கள் ஆறு மணித்தியாலம் பனிக்குள் நின்ற கதை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் முன்னறையில் பதினான்கு மாதம் படுத்தெழும்பினேன். அதை 'தப்ப வழி உண்டா' என்று எழுதிய விரலை நான் என்ன செய்ய? வெட்கத்தில் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவும் மனமில்லை.

நேரில் வந்து காலில் விழுவதுதான் முறை. ஆனால் முழங்கால் வருத்தம் பேருந்துப் படி ஏறவிடுவதில்லை. லீவும் முடிந்துவிட்டது. கவுன்சில் விசாரணை நடக்கிறபடியால் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. டென்மார்க் மண்ணை மிதித்து எனக்கும் பன்னிரண்டு வருடமாகிறது, வழியே மறந்துபோச்சு. ஐந்து போட்டதுகூட உங்கள் கோபத்துக்குப் பயந்து அல்ல, குடும்பத்தில் மூத்தவர் என்ற மரியாதையில்தான். மஹதி தன் முடிவைச் சொல்லிவிட்டாள்: "அப்பா, மாமாவும் மாமியும் ஃபர்ஸ்டா வந்து பாலும் அறுகம்புல்லும் வைக்காட்டி என்ர தலையில ஒருத்தரும் வைக்கத் தேவையில்லை. எனக்கு வெடிங்கே வேண்டாம்." சும்மா சொல்லுகிற பிள்ளை இல்லை அவள். ஆகவே இந்தப் பதிவுத் தபாலையே என் நேர்வருகையாக ஏற்று, இத்துடன் உள்ள அழைப்பிதழைக் கையில் தந்ததாக நினைத்து, என்னை மன்னித்து வந்துவிடுங்கள்.

அக்காவின் காலுக்கு என் வணக்கம். உங்கள் இருவருடைய கையும் என் பிள்ளையின் தலையில் படவேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத,

தங்கள் மைத்துனன்
தேவராசா

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. மேலே 'நேரில் வந்து' என்று தொடங்கும் பந்தியில் மஹதி சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் பொய். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. லீவு கேட்கவே இல்லை. விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை, கல்யாணி அந்தப் புள்ளிகளைத் திருத்தும் படிவத்தைத் தந்து, "அஞ்சைக் குறைக்கணும்னா, போட்டவங்க நேர்ல போய்ப் பார்த்திருக்கணும். நீங்க எழுதின ரூல்தான் சார். உங்களுக்கு லீவு நானே போட்டுடறேன்" என்றா. பன்னிரண்டு வருடம் என்பதும் பொய். கோழிக்கூடு பற்றிய அந்த மூன்று நாள் கூட்டம் நடந்தது கோபன்ஹேகனில், அத்தான். அது அக்காவுக்கு ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்த கிழமை. உங்கள் வீடு ரயிலில் மூன்று மணித்தியாலம். நான் வரவில்லை. லண்டனுக்குத் திரும்பிய பிறகுதான் போன் எடுத்து, "லீவு கிடைக்கேல்லை அக்கா" என்றேன். அதற்குப் பிறகு என்ன முகத்தோடு வருவது என்று தள்ளித் தள்ளிப் போட்டதுதான் நாலு வருடம். நீங்கள் கோபக்காரர் என்று எழுதியது அதை மறைக்கத்தான். ஐந்து என்னுடைய இலக்கம்.

இதை எழுதுவது உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் இருந்து. கேற்றில் பலகை இன்னும் தொங்குகிறது. படிவத்தை நிரப்ப, வீட்டை வெளியில் நின்று பார்த்தாலே போதும், பார்த்துவிட்டேன். அபாயம் ஒன்றுமில்லை என்று நிரப்பியும்விட்டேன். அக்கா இரண்டு தரம் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டா. முத்திரை ஒட்டியும் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவந்த இந்தக் கடிதத்தை உங்கள் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டத்தோடு வந்து தரிப்பிடத்தில் இதே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். கோட்டுக் கொண்டுவரவில்லை, குளிருகிறது. கதவைத் திறந்தால் அந்த ஸ்டேஷன் கதையை முதலில் இருந்து சொல்லுங்கள். திரும்பிப் போக நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.